காது, காசு, காப்புரிமை

பாட்டை எடைபோட்டு விற்ற கடை ஒன்று மாஸ்கோவில் இருந்தது. பெயர் ஆல்ஆஃப்எம்பி3. வாசலும் கல்லாப்பெட்டியும் இல்லாத இணையக் கடை. 2000-களின் தொடக்கத்தில் கிளம்பிய அந்தத் தளம், 2006 வாக்கில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பாட்டுப் பைத்தியங்கள் மத்தியில் ஏகத்துக்கும் பேசப்பட்டது. ஒரு பாட்டு இவ்வளவு, ஒரு ஆல்பம் இவ்வளவு என்ற கணக்கே அங்கே கிடையாது. ஒரு மெகாபைட்டுக்கு இத்தனை சென்ட், அவ்வளவுதான். முதலில் ஒரு சென்ட், அப்புறம் இரண்டு, கடைசியில் மூன்று.

வாங்கும் விதமும் புதுசு. ஆல்பத்தின் பெயரைச் சொடுக்கினால் ஒரு பட்டியல் விரியும். எம்பி3-யா, ஏஏசி-யா, ஆக் வோர்பிஸா? 128 கேபிபிஎஸ் போதுமா, 192 வேண்டுமா, 320-ஆ? பல ஆல்பங்களுக்கு, சிடியில் உள்ள ஒலியைத் துளியும் சிதைக்காத ஃபிளாக் வடிவமும் உண்டு. தேர்வை மாற்ற மாற்ற விலையும் கூடவே ஏறி இறங்கும். மெகாபைட் 2 சென்ட்டாக இருந்த காலத்தில் நான்கு நிமிடப் பாட்டை 128-ல் எடுத்தால் 8 சென்ட். 320-ல் எடுத்தாலும் 20 சென்ட்டைத் தாண்டாது. வாங்கிய கோப்புக்குப் பூட்டு கிடையாது. எந்தக் கருவியிலும் ஓடும். எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அதே நேரத்தில், சட்டப்படி நடந்த கடைகளில் முதலிடம் ஆப்பிளின் ஐடியூன்ஸுக்கு. 2003 ஏப்ரல் 28-ல் இரண்டு லட்சம் பாடல்களோடு திறந்து, முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாடல்களை விற்ற கடை அது. ஒரு பாட்டு 99 சென்ட். தரம் 128 கேபிபிஎஸ் ஏஏசி. கூடுதல் பணம் தருகிறேன் என்றாலும் அதற்கு மேல் கிடைக்காது. போதாக்குறைக்கு ஃபேர்பிளே என்ற டிஜிட்டல் பூட்டு. ஐபாடைத் தவிர வேறு நிறுவனத்தின் பிளேயரில் அந்தப் பாட்டு வாய் திறக்காது.

நேர்மையாக வாங்கினால் விலை அதிகம், தரம் குறைவு, பூட்டு வேறு. சந்தேகத்துக்கிடமான கடையில் வாங்கினால் விலை குறைவு, தரம் அதிகம், பூட்டும் இல்லை. டிஜிட்டல் பாட்டு வாங்க நினைத்தவர் முன் அன்று வைக்கப்பட்ட பேரம் இதுதான். காதும் காசும் ஒரு பக்கம் இழுக்க, காப்புரிமை தன்னந்தனியாக மறுபக்கம் நின்றது. கடந்த கால் நூற்றாண்டில் இந்த மூன்றும் ஒரே கடையில் ஒன்றாகக் கிடைத்த காலம் ரொம்பக் கொஞ்சம். தமிழ்ப் பாட்டு வாங்கியவர்களுக்கு அது இன்னும் கொஞ்சம்.

உரிமம் உண்டு, ஒப்புதல் இல்லை

ஆல்ஆஃப்எம்பி3 தன்னைத் திருட்டுக் கடை என்று ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. கையில் உரிமம் வைத்திருந்தது. கொடுத்தது ரோம்ஸ் என்ற ரஷ்ய உரிமை வசூல் அமைப்பு. அன்றைய ரஷ்யச் சட்டத்தின்படி இத்தகைய அமைப்பு, தன்னிடம் உறுப்பினராக இல்லாத உரிமையாளர்களின் சார்பிலும் உரிமம் வழங்கலாம் என்று வாதாட இடம் இருந்தது. ரோம்ஸுக்குத் தாங்கள் எந்த அதிகாரமும் தரவில்லை என்பது இசை நிறுவனங்களின் பதில். 2005 தொடக்கத்தில் விவகாரம் மாஸ்கோ போலீஸுக்கும் அங்கிருந்து அரசு வழக்கறிஞர்களுக்கும் போனது. வழக்கு தொடர முடியாது என்று அவர்கள் கைவிரித்தார்கள். சட்டம் சொல்வது சிடி, கேசட் மாதிரி கையில் பிடிக்கக்கூடிய நகலைத்தான், கம்பி வழியே போகும் கோப்பை அல்ல என்பது அவர்கள் சொன்ன காரணம்.

லண்டனில் உட்கார்ந்து வாங்கியவரின் நிலை வேறு. விற்பவருக்கு ரஷ்யச் சட்டம் நிழல் தரலாம். வாங்குபவரைக் கட்டுப்படுத்துவது அவருடைய ஊர்ச் சட்டம். அந்தத் தளத்திலிருந்து பாட்டு இறக்குவது பிரிட்டனில் சட்டவிரோதம் என்று அங்குள்ள இசை நிறுவனங்களின் சங்கமான பிபிஐ வெளிப்படையாகவே அறிவித்தது. கூட்டம் குறையவில்லை. 2006-ல் பிரிட்டனில் எடுக்கப்பட்ட ஒரு கணிப்பில் ஐடியூன்ஸுக்கு அடுத்த இடம் இந்த மாஸ்கோ கடைக்குத்தான். கார்டில் பணம் கட்டுகிறோம், கணக்கில் கழிகிறது, அப்புறம் எப்படித் திருட்டாகும் என்ற சமாதானம் பலருக்குப் போதுமாக இருந்தது. அந்தப் பணத்தில் பாடியவருக்கு ஏதாவது போகிறதா என்று கேட்டவர்கள் குறைவு.

கடைசியில் விஷயம் வல்லரசுகளின் மேசைக்கே போய்விட்டது. உலக வர்த்தக அமைப்பில் சேர ரஷ்யாவுக்கு அமெரிக்காவின் சம்மதம் தேவைப்பட்டது. 2006 நவம்பரில் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தோடு இணைந்த கடிதத்தில் இந்தப் பாட்டுக் கடையின் பெயரும் இருந்தது. டிசம்பரில் இசை நிறுவனங்கள் நியூயார்க்கில் வழக்குப் போட்டன. 1.1 கோடி பாடல்கள், பாட்டுக்கு ஒன்றரை லட்சம் டாலர் இழப்பீடு, ஆக மொத்தம் 1.65 லட்சம் கோடி டாலர். அந்த ஆண்டு ரஷ்யாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியே அந்தத் தொகைக்கு வெகு கீழே. வக்கீல்கள் பெருக்கல் கணக்கில் இறங்கிவிட்டால் இப்படித்தான்.

கடையின் கழுத்தை நெரித்தது அந்த வழக்கு அல்ல. விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் 2006-லேயே கையை எடுத்துக்கொண்டன. பணம் வரும் வழி அடைபட்டதும் வாடிக்கையாளர் கூட்டம் தானாகக் கலைந்தது. 2007 ஜூலையில் தளம் மூடப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அடுத்த மாதமே மாஸ்கோ நீதிமன்றம் ஒன்று கடையின் முன்னாள் தலைவர் டெனிஸ் க்வாசோவைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

நேர்மைக்குக் கிடைத்த தண்டனை

மாஸ்கோ கடைக்குப் போனவர்கள் எல்லோரும் கஞ்சர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. முறையாகக் காசு கொடுத்து வாங்கியவர்களை இசைத்துறை அப்போது எப்படி நடத்தியது என்பதையும் பார்க்க வேண்டும்.

2005 அக்டோபர் 31-ல் மார்க் ருஸினோவிச் என்ற கணினி நிபுணர் ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார். சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் அசல் சிடி ஒன்றைக் கணினியில் போட்டதும், அது சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மென்பொருளை உள்ளே ஒளித்துவைத்திருந்தது. நகலெடுப்பதைத் தடுக்க வந்த அந்த மென்பொருள், கணினியின் கண்ணுக்கே தெரியாமல் மறைந்துகொள்ளும் ரூட்கிட் வகை. அதன் நிழலில் வைரஸ்களும் ஒளிந்துகொள்ளலாம்; பிறகு ஒளிந்தும் கொண்டன. நிறுவனம் லட்சக்கணக்கான சிடிக்களைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. அதே ஆல்பத்தைத் திருட்டுத்தனமாக இறக்கியவரின் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கியவருக்குத்தான் வினை.

அடுத்தது மைக்ரோசாஃப்ட். தனது எம்எஸ்என் மியூசிக் கடையை 2006-ல் மூடியது. 2008 ஏப்ரலில் வாடிக்கையாளர்களுக்கு ஒரு தகவல் வந்தது: ஆகஸ்ட் 31-க்குப் பிறகு, வாங்கிய பாடல்களின் பூட்டைத் திறக்கும் சாவியைப் புதிய கணினிகளுக்குத் தர மாட்டோம். இருக்கும் கணினி பழுதானால் காசு கொடுத்து வாங்கிய பாட்டும் அதோடு போச்சு. எதிர்ப்பு கிளம்பியதும் கெடுவை நீட்டித்தார்கள். அதே ஆண்டு யாகூவும் தன் பாட்டுக் கடையை இழுத்து மூடியது.

பூட்டு யாரைத் தடுக்கிறது என்ற கேள்விக்குப் பதில் கடைக்காரர் பக்கமிருந்தே வந்தது. 2007 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். சராசரி ஐபாடில் உள்ள பாடல்களில் ஐடியூன்ஸில் வாங்கிய பூட்டுப் போட்ட பாட்டு 3 சதவீதத்துக்கும் குறைவு என்பது அவர் காட்டிய கணக்கு. மீதிப் பாட்டெல்லாம் பூட்டில்லாத சிடியிலிருந்தோ வேறெங்கிருந்தோ வந்தவை. அந்த 3 சதவீதத்தைக் கட்டிப்போட்டு ஆகப்போவது என்ன? ஏப்ரலில் ஈஎம்ஐ நிறுவனம் இறங்கிவந்தது. பூட்டில்லாத 256 கேபிபிஎஸ் பாட்டு, 1.29 டாலர். செப்டம்பரில் அமேசான் பூட்டே இல்லாத எம்பி3 கடை திறந்தது. 2009 ஜனவரியில் ஐடியூன்ஸ் தன் பாடல்கள் அனைத்திலிருந்தும் பூட்டைக் கழற்றப்போவதாக அறிவித்தது. விலையும் 69 சென்ட், 99 சென்ட், 1.29 டாலர் என மூன்று படியானது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், மாஸ்கோ கடை விற்ற சரக்கின் அம்சங்கள்தான் இவை. நல்ல தரம், பூட்டில்லாத கோப்பு, தரத்துக்கேற்ற விலை. அந்தக் கடையை மூடவைத்த நிறுவனங்கள், மூடிய இரண்டே ஆண்டுகளில் அதன் பாணியை ஏறக்குறைய தமதாக்கிக்கொண்டன. விலை மட்டும் அந்த அளவுக்கு இறங்கவில்லை. இறங்கவும் முடியாது, பாடியவருக்கும் எழுதியவருக்கும் பங்கு கொடுக்க வேண்டிய கடைக்கு அது கட்டுப்படியாகாது.

320 என்ற மாயம்

காசும் காப்புரிமையும் ஒருபுறம் இருக்கட்டும். காதுக்கு உண்மையில் எவ்வளவு தேவை?

சிடியில் ஒலி, நொடிக்கு 1,411 கிலோபிட் வேகத்தில் இருக்கிறது. நான்கு நிமிடப் பாட்டு 42 மெகாபைட் இடம் பிடிக்கும். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் குழுவினர் உருவாக்கிய எம்பி3, அதே பாட்டை 128-ல் 4 மெகாபைட்டுக்குள் அடக்கிவிடும். உரத்த ஒலி ஒன்று கேட்கும்போது அதன் அருகிலுள்ள மெல்லிய ஒலி காதுக்கு எட்டாது. எட்டாததைச் சேமிப்பானேன் என்று வெட்டிவிடுவதுதான் இதன் சூட்சுமம். அளவுக்கு மீறி வெட்டினால் முதலில் அடிவாங்குவது சிம்பல், சலங்கை, கைத்தட்டல் போன்ற கூர்மையான ஒலிகள். தாம்பாளத்தில் தண்ணீர் கொப்பளிப்பதைப் போல ஒரு சலசலப்பு கேட்கும். 256, 320 அளவுக்குப் போய்விட்டால் அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசம் சொல்லப் பயிற்சி பெற்ற காதுகளே திணறும்.

அதற்கும் மேலே போனால்? சிடியைவிட உயர்ந்தது என்று விற்கப்படும் ஹை-ரெசல்யூஷன் ஒலி பற்றி 2007-ல் மேயர், மோரன் என்ற இருவரின் ஆய்வு, ஆடியோ பொறியாளர்களின் ஆய்விதழில் வந்தது. உயர்தரப் பதிவை நேரடியாகவும், சிடி தரத்துக்கு இறக்கியும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு, எது எது என்று கேட்டார்கள். 554 முறை கேட்டதில் சரியான பதில் 276. கண்ணை மூடிக்கொண்டு நாணயம் சுண்டினாலும் இந்த விடைதான் வரும். ஆனாலும் வியாபாரம் நிற்கவில்லை. பாடகர் நீல் யங் 2014-ல் உயர்தர ஒலிக்கென்றே போனோ என்ற கருவியைக் கொண்டுவந்தார். விலை 399 டாலர். கிக்ஸ்டார்ட்டரில் ரசிகர்கள் 62 லட்சம் டாலர் கொட்டினார்கள். 2017-ல் கதை முடிந்தது.

நம்மூரில் இந்தத் தரக் கணக்கு வேறு மாதிரிச் சிக்கலானது. தமிழ்ப் பாட்டை இலவசமாக இறக்கித் தரும் தளங்கள் பதினைந்து இருபது ஆண்டுகளாகப் பெயர் மாற்றி முகவரி மாற்றி ஓடிக்கொண்டே இருக்கின்றன. படத்தின் போஸ்டருக்குக் கீழே இரண்டு பொத்தான்: ‘128 கேபிபிஎஸ் ஜிப்’, ‘320 கேபிபிஎஸ் ஜிப்’. அந்த 320-ஐ நம்பி இறக்கிய ஒரு கோப்பை ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்த்தால் சாயம் வெளுக்கும். பாட்டு முழுவதும் ஒரு வண்ணப் படமாக விரியும். இடப்பக்கம் அடியிலிருந்து மேலே 22 கிலோஹெர்ட்ஸ் வரை அளவுகோல். அசல் சிடியிலிருந்து எடுத்த 320 என்றால் வண்ணம் 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறியிருக்கும். பல கோப்புகளில் 16-ஐத் தொட்டதும் நேர்கோடு போட்டாற்போல் வெட்டுப்பட்டு, மேலே வெறும் கறுப்பாக இருக்கும். அது 128-ல் இருந்தோ யூடியூபிலிருந்தோ எடுத்து 320-ஆக ஊதிய சரக்கு என்பதற்கு அந்த வெட்டே சாட்சி. தண்ணீர் கலந்த பாலைப் பெரிய செம்பில் ஊற்றினால் அது கெட்டிப் பாலாகிவிடாது. ஃபிளாக் என்று பெயரிட்டுச் சுற்றும் கோப்புகளிலும் இதே தில்லுமுல்லு உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காதில் புளூடூத் மாட்டிக்கொண்டு கேட்பவருக்கு, போனில் இருப்பது ஃபிளாக்காகவே இருந்தாலும் காதுக்கு வருவது மறுபடி சுருக்கப்பட்ட ஒலிதான். சாதாரண எஸ்பிசி முறையில் அது நொடிக்கு 330 கிலோபிட்டுக்குள். மூல ஒலிப்பதிவையே சத்தமாக, தட்டையாக நசுக்கியிருந்தால் எந்த வடிவமும் காப்பாற்றாது. மெட்டாலிகாவின் 2008 ஆல்பம் ‘டெத் மேக்னெட்டிக்’ வந்தபோது, சிடியைவிட கிட்டார் ஹீரோ வீடியோ விளையாட்டில் இருந்த அதே பாடல்கள் தெளிவாக ஒலிக்கின்றன என்று ரசிகர்கள் மனுவே போட்டார்கள். இளையராஜா ரசிகர்களில் ஒரு சாரார், பிற்காலத்தில் ‘மெருகேற்றி’ வந்த சிடிக்களை ஒதுக்கிவிட்டுப் பழைய எல்பி தட்டுகளைத் தேடி அலைவதும் இந்தக் காரணத்தால்தான். அவர்கள் காது பொய் சொல்லவில்லை.

கேசட்டிலிருந்து காலர் டியூன் வரை

எண்பதுகளில் தமிழ்நாட்டின் எந்தக் கடைத்தெருவிலும் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருக்கும். நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, டிடிகே வெற்றுக் கேசட்டோடு கொடுத்தால், எக்கோவும் எச்எம்வியும் வெளியிட்ட எல்பி தட்டுகளிலிருந்து பதிந்து இரண்டு நாளில் தருவார்கள். 60-க்கு ஒரு விலை, 90-க்கு ஒரு விலை, குரோம் டேப் என்றால் கூடுதல். ‘ஏ’ சைடின் கடைசிப் பாட்டு பெரும்பாலும் சரணத்தின் நடுவில் அறுந்து நிற்கும். காதையும் காசையும் அன்றைக்கே நுணுக்கமாக எடைபோட்ட ஊர் இது. காப்புரிமை என்ற சொல்லை அந்தக் கடைகளில் யாரும் உச்சரித்ததில்லை. கடைக்காரரும் திருடன் அல்ல, பாட்டு எழுதிக் கொடுத்தவரும் திருடன் அல்ல. தெரு முழுக்க அப்படித்தான் நினைத்தது.

டிஜிட்டலில் முறையான கடை இங்கே தாமதமாக வந்து சீக்கிரமே போனது. 2012 பிப்ரவரியில் ஃபிளிப்கார்ட், ஃபிளைட் என்ற பெயரில் பாட்டுக் கடை திறந்தது. பூட்டில்லாத எம்பி3, ஒரு பாட்டு 6 ரூபாயிலிருந்து. அதே ஆண்டு டிசம்பரில் ஐடியூன்ஸும் இந்தியாவுக்கு வந்தது. பாட்டு 7 ரூபாய் முதல் 15 ரூபாய் வரை, 256 கேபிபிஎஸ். தரம், விலை, சட்டம் மூன்றும் சேர்ந்து நின்ற அபூர்வமான நேரம். ஆனால் 2013 ஜூனில் ஃபிளைட் மூடப்பட்டது. இலவசத் தளங்களோடு போட்டி ஒருபுறம். சில்லறைத் தொகையைச் செலுத்த வசதியில்லாதது மறுபுறம். 6 ரூபாய்ப் பாட்டுக்காக 16 இலக்க கார்டு எண்ணை அடித்து, ஓடிபி வரக் காத்திருக்கும் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும்? யுபிஐ வந்தது 2016-ல். இன்று டீக்கடையில் பத்து ரூபாயை கியூஆர் கோடில் அனுப்பும் ஊரில், பத்து ரூபாய்க்குப் பாட்டு விற்கும் உள்ளூர்க் கடையைத் தேட வேண்டியிருக்கிறது.

தமிழர்கள் பாட்டுக்குக் காசே கொடுக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட முடியுமா? அதே காலத்தில் காலர் டியூனுக்கு மாதம் 30 ரூபாய் போலக் கட்டியவர்கள் கணக்கற்றவர்கள். அரை நிமிடத் துண்டு, போன் லைனின் கரகர தரம், அதுவும் தான் கேட்பதற்கல்ல, கூப்பிடுகிறவர் கேட்பதற்கு! செல்போன் பேலன்ஸில் தானாகக் கழிந்ததுதான் ரகசியம். 2017-ல் சரிகம நிறுவனம், எச்எம்வி காலத்துப் பாடல்களை ரேடியோ போன்ற ஒரு பெட்டியில் அடைத்து கேரவான் என்று விற்றது. தமிழ்ப் பெட்டியும் வந்தது. உள்ளே 5,000 பாட்டு, விலை 6,000 ரூபாய் அளவில். பாட்டுக்கு ஒன்றேகால் ரூபாய்கூட ஆகவில்லை. இணையம் வேண்டாம், கார்டு வேண்டாம், திருகினால் பாடும். பாட்டியின் பிறந்தநாளுக்கும் தாத்தாவின் சதாபிஷேகத்துக்கும் பேரன்கள் வாங்கித் தள்ளினார்கள்.

சட்டத்தின் பக்கமும் குழப்பத்துக்குக் குறைவில்லை. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவு, தெரிந்தே உரிமையை மீறுவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் என்கிறது. நடைமுறையில் பாட்டு இறக்கிய கல்லூரி மாணவரைத் தேடி யாரும் வருவதில்லை. குறி வைக்கப்படுவது தளங்கள்தான். தனுஷ் நடித்த ‘3’ படத்துக்காக 2012-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் தெரியாத எதிரிகளுக்கு எதிராகத் தடை வாங்கினார்கள். இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் விமியோ உள்ளிட்ட தளங்களையே முழுசாக முடக்கிவிட்டன. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் தடுத்தால் போதும் என்று ஜூனில் நீதிமன்றமே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. இதே படத்தின் ‘கொலவெறி’ பாட்டு அதற்கு முந்தைய நவம்பரில் வந்த கதை நேர்மாறானது. பக்குவப்படாத பதிவு ஒன்று இணையத்தில் கசிந்துவிட, தயாரிப்புத் தரப்பு முழுப் பாட்டையே யூடியூபில் இலவசமாக வெளியிட்டது. நாடே அதைப் பாடியது.

கொடுக்கும் காசு யாருக்குப் போகிறது என்பதும் வாங்குகிறவர் எடைபோட வேண்டிய விஷயம். படத்துக்காக இசையமைத்த, எழுதிய பாட்டின் உரிமை வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் தயாரிப்பாளருக்கே என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் தீர்ப்பளித்தது. இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் ஒருமுறை சம்பளம் வாங்கியதோடு சரி. 2012-ல் வந்த சட்டத் திருத்தம்தான், படத்துக்கு வெளியே பாட்டு சம்பாதிக்கும் ராயல்டியில் அவர்களுக்குச் சமபங்கு உண்டு, அதை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்றது. அதற்காக மாநிலங்களவையில் குரல் கொடுத்தவர் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். அதன் பிறகு, முறையான இடத்தில் கேட்கும் ஒவ்வொரு பாட்டிலும் ஒரு துளியாவது எழுதியவர் வீட்டுக்குப் போக வழி பிறந்தது. ஜிப் கோப்பில் அந்தத் துளியும் இல்லை.

வாடகைக்காரருக்கு மாடி வீடு

இன்றைக்கு நிலவரம் என்ன? 2019 பிப்ரவரியில் மாதம் 119 ரூபாய்க்கு ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்குள் வந்தபோதே பாட்டை வாங்கும் பழக்கம் ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது. மாதச் சந்தா கட்டினால் கோடிக்கணக்கான பாட்டு. சட்டப் பிரச்சினை இல்லை, விலையும் கையைக் கடிக்காது. 2021 ஜூனில் ஆப்பிள் மியூசிக் கூடுதல் கட்டணமே இல்லாமல் சிடி தரத்தையும் அதற்கு மேலும் கொடுக்கத் தொடங்கியது. காது, காசு, காப்புரிமை மூன்றும் ஒருவழியாகச் சேர்ந்துவிட்டன. பாட்டு மட்டும் கேட்பவருக்குச் சொந்தமில்லை. சந்தா நின்றால் பாட்டும் நின்றது. நிறுவனத்துக்கும் தளத்துக்கும் ஒப்பந்தம் முறிந்தால், நேற்று பட்டியலில் இருந்த ஆல்பம் இன்று சாம்பல் நிற எழுத்தாகிவிடும்.

சரி, காசு கொடுத்துச் சொந்தமாக வாங்குகிறேன் என்று ஒருவர் ஐடியூன்ஸ் கடைக்குப் போனால் அங்கே ஒரு விசித்திரம் காத்திருக்கிறது. அவருக்குக் கிடைப்பது அதே 256 கேபிபிஎஸ் ஏஏசி. அதே நிறுவனத்தில் சந்தா கட்டி வாடகைக்குக் கேட்பவருக்கு முழுத் தரம். முழு விலை கொடுத்து வாங்குபவருக்குச் சுருக்கிய தரம். 2005-ல் மாஸ்கோவில் எட்டு சென்ட் கொடுத்தவருக்கு இருந்த தேர்வு, இன்று இவருக்கு இல்லை. பேண்ட்கேம்ப் என்ற தளம் விதிவிலக்கு. கலைஞர் நேரடியாக விற்கலாம். தளம் எடுத்துக்கொள்வது பொதுவாக 15 சதவீதம். வாங்குபவர் எம்பி3, ஃபிளாக் எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம், பூட்டில்லாமல். சினிமா சாராத தனி இசைக் கலைஞர்களுக்கு அது நல்ல சந்தை. தமிழ் சினிமாவின் பெரிய நிறுவனங்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

வாங்கிய பாட்டை விற்கவும் முடியாது. சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய எல்பி வாங்கி, கேட்டுச் சலித்தபின் அங்கேயே விற்ற தலைமுறை உண்டு. டிஜிட்டல் பாட்டுக்கும் அப்படி ஒரு பழைய பொருள் சந்தை அமைக்க ரீடிஜி என்ற அமெரிக்க நிறுவனம் முயன்றது. கோப்பை இன்னொருவருக்கு மாற்றும்போதே புது நகல் உருவாகிவிடுகிறது, அது உரிமை மீறல் என்று 2018 டிசம்பரில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் கதவை அடைத்தது. டிஜிட்டல் பொருளை ‘வாங்குங்கள்’ என்று விளம்பரப்படுத்தினால், கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் சட்டம் போட்டு, 2025 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது.

காப்புரிமை என்றைக்காவது காலாவதியாகும், அதுவரை பொறுத்திருப்போம் என்பவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1965-ல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2025-ம் ஆண்டின் முடிவு வரைதான். ஆனால் பாட்டின் வரிகளுக்கும் மெட்டுக்கும், படைத்தவர் மறைந்து 60 ஆண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981-ல். அவர் எழுதிய பாடல்களுக்கு 2041 முடியும்வரை உரிமை உண்டு. வாலியின் பாடல்களுக்கு 2073 வரை. அந்தப் படத்தின் இசை இரட்டையரில் ராமமூர்த்தி 2013-லும் விஸ்வநாதன் 2015-லும் மறைந்தார்கள். கூட்டுப் படைப்பில் கடைசியாக மறைந்தவரை வைத்துத்தான் கணக்கு என்பதால், மெட்டின் உரிமை 2075 டிசம்பர் 31 வரை நிற்கும்.